வாளிக்குள் விளைந்த மஞ்சள்

பிள்ளைகளே, போன சனிக்கிழமை காலை எங்கள் வெள்ளவத்தை ஃப்ளாட்டில் இராணுவச் சோதனை. மூன்றாம் மாடி வரை பூட்ஸ் சத்தம். அடையாள அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். வழக்கம்தானே!

அலுமாரியைப் பார்த்தார்கள். கட்டிலுக்கடியில் பார்த்தார்கள். பிறகு ஓர் இளம் சிப்பாய் பல்கனிக்குப் போனார். அங்கே ஒரு பெயின்ற் வாளி நிறைய மண்!

இந்த நாட்களில், மூன்றாம் மாடியில் ஒருவன் எதற்கு மண் வைத்திருக்கிறான்? உள்ளே குண்டு ஏதும் புதைத்திருக்கிறானோ என்று சந்தேகம் வராதா?

அது என் மகள் வாணியின் மஞ்சள் செடி. பொங்கல் பானையில் தன் செடியைத்தான் கட்ட வேண்டுமென்று வளர்க்கிறாள். முதலில் கடை மஞ்சளைப் புதைத்துவிட்டுப் பல நாள் தண்ணீர் ஊற்றினோம். அவித்துக் காயவைத்த மஞ்சள் முளைக்குமா? பிறகு பச்சைக் கிழங்கு தேடி வாங்கி வந்தேன். வாளியின் அடியில் ஓட்டை போட்டோம் — தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். கடற்காற்றின் உப்பு இலையைக் கருக்காமலிருக்கச் சுவரோரம், அரை நிழலில் வைத்தோம். நன்றாகத்தான் வளர்ந்தது. ஆனால் மார்கழியில் இலைகள் பழுக்கத் தொடங்க, வாணியின் முகம் வாடிவிட்டது. செடி சாகிறதோ?

இந்த நேரம் பார்த்துத்தான் இந்தச் சோதனை...

"மேக்க மொக்கத?" இது என்னவென்று சிப்பாய் கேட்டார்.

"கஹ, மாத்தையா... கஹ!" மஞ்சள் என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் எனக்குச் சிங்களம் வரவில்லை.

"இஞ்சேருங்கோ, சும்மா இருங்கோ. உங்கட சிங்களத்தைக் கேட்டே பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்" என்று மனைவி முணுமுணுத்தாள்.

வாணி ஓடிப்போய் வாளியைக் கட்டிப்பிடித்தாள். "அப்பா, கிண்ட வேண்டாமெண்டு சொல்லுங்கோ! வேர் அறுந்திடும்!"

அவர் வேலை அவருக்கு. துப்பாக்கியை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு, ஒரு கையால் செடியைப் பிடித்தபடி, மறு கையை ஓரமாக மண்ணுக்குள் விட்டார்.

கை வெளியே வந்தது. விரல்களுக்கிடையில்... கொழுத்த மஞ்சள் கிழங்கு!

சாகவில்லை பிள்ளைகளே, விளைந்துவிட்டது! கிழங்கு முற்றினால் இலை தானாகப் பழுக்குமாம்.

அவர் அதை முகர்ந்து பார்த்தார். சிரித்தார். கிழங்கை வாணியின் கையில் வைத்து, மண்ணை மூடி, மெல்ல அழுத்திவிட்டுப் போனார். செடி சாயாமல் நின்றது. பச்சை இலைகள் இன்னும் சில இருந்தன, பொங்கலுக்குப் போதும்.

வாணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்பா, பொங்கலண்டைக்கு மிச்சத்தைக் கிண்ட அந்த மாமாவையே கூப்பிடுவமோ?"

கூப்பிடலாம்தான்... ஆனால் அவர்கள் கூப்பிடாமலே வருகிறவர்களாயிற்றே!