மேட்டுக்கரையைக் கேட்டு வாங்கியவர்

1949 ஏப்ரல் 10: 112 அடி
1956 ஏப்ரல் 8: 104 அடி
1963 ஏப்ரல் 14: 91 அடி
1970 ஏப்ரல் 12: 58 அடி
1977 ஏப்ரல் 10: 27 அடி
1983 ஏப்ரல் 10: 9 அடி

ஒரு தச்சருடைய பட்டறையின் பின்சுவருக்கும் ஆற்றங்கரை விளிம்புக்கும் நடுவே இருந்த நிலம் இது. ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு தோறும், ஆறு ஒடுங்கிக் கிடக்கும்போது, அவரே நாடா பிடித்து அளந்து, பின்கதவின் உட்பக்கத்தில் பட்டைப் பென்சிலால் எழுதிவைப்பார். எல்லா வருடங்களையும் இங்கே தரவில்லை. போக்கு தெரிய இவை போதும்.

அப்பா விட்டுப்போன நிலத்தின் நடுவே ஆறு வளைந்து ஓடியது. வளைவின் வெளிப்பக்கம் சுவர் போல் நிமிர்ந்த மேட்டுக்கரை. உட்பக்கம் சரிந்து தண்ணீரில் இறங்கும் பள்ளக்கரை. வாரிசுகள் இரண்டே பேர், தச்சரும் அவர் தங்கையும். மூத்தவர் என்பதால் அவர் முதலில் வாய் திறந்தார்.

"மேட்டுக்கரை எனக்கு. பட்டறையில தண்ணி ஏறினா மரம் கெட்டுப்போகும்."

"அப்ப எங்க வீட்டுக்குள்ள ஏறலாமா, அண்ணே?"

"ஏறட்டுமே. அடுப்படியிலேயே மீன் புடிக்கலாம். வலை நான் வாங்கித் தர்றேன்."

தங்கை சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டாள். எல்லைக்குக் கல் நடலாமா என்று கேட்டவர் தங்கையின் கணவர். முள்ளங்கி பயிரிட்டு விற்பவர்; ஊரில் அவருக்குப் பெயரே முள்ளங்கிதான். தச்சர் கையை வீசி மறுத்தார்.

"கல்லை நட்டா எவனாவது நகர்த்துவான், மாப்பிள்ளை. ஆத்தை எவன் நகர்த்துவான்? ஆறே எல்லைன்னு எழுதுங்க."

அப்படியே பத்திரத்தில் எழுதினார்கள்.

முதல் சில வருடங்கள் அவர் பக்கமே சரி போலத் தோன்றியது. மழைக்காலத்தில் தங்கையின் பாத்திகள் செந்நீரில் முழுகும், தச்சர் மேட்டில் நின்று, "மீன் கெடைச்சுதா?" என்று குரல் கொடுப்பார். வெள்ளம் வடிந்தபின் அங்கே விரற்கடை வண்டல் படிந்திருப்பதை அவர் கவனிக்கவில்லை. 1964-இல் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு செய்ய ஆர்டர் வந்தது. கைவசம் மரம் போதவில்லை. தம் கரையோரம் வரிசையாக நின்ற மரங்களை வெட்டிப் பெஞ்சு செய்து கொடுத்தார். நல்ல பெஞ்சுகள், ஒன்றுகூட ஆடாது. அதன்பிறகு கரை பாளம் பாளமாகச் சரிய ஆரம்பித்தது.

எதிரே மணல்திட்டு ஒன்று தலைகாட்டியது; அதில் புல் வந்தது, புல்லுக்குப்பின் முள்ளங்கி வந்தது. 1971-இல் ஒரு காலை முள்ளங்கிக்காரர் திட்டில் கழிகளை நட்டுக்கொண்டிருப்பதைத் தச்சர் பார்த்துவிட்டார்.

"கழி நட்டுத் தண்ணியை என் பக்கம் தள்ளுறியா? என் மண்ணுல வெள்ளாமையா?"

"மச்சான், இது அவரைக்காய்ப் பந்தல்! இந்தக் குச்சிக்குப் பயந்து ஆறு திரும்புதுன்னா நான் ஏன் இன்னும் முள்ளங்கி வித்துக்கிட்டிருக்கேன்?"

அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவரைச் சுட்டது. தங்கை தண்ணீரோரம் ஓடிவந்தாள்.

"அண்ணே, இந்தப் பக்கம் வளர்ந்ததுல பாதி உனக்கு. வந்து அளந்துக்க."

"என் மண்ணை எனக்கே பிச்சை போடுறியா?" என்று சொல்லிவிட்டு அவர் பின்கதவைச் சாத்தினார்.

பேச்சு அன்றோடு நின்றது. தங்கை மகளின் கல்யாணத்துக்கென்று முன்பே ஒரு தேக்குப் பெட்டி இழைத்து வைத்திருந்தார். கல்யாணத்துக்கு அவர் போகவில்லை, பெட்டியும் போகவில்லை. அதில் ஆணியும் கீலும் போட்டுவைத்தார். எதிர்த்திட்டில் ஒரு பாதி வருடா வருடம் தரிசாகவே கிடந்தது. "ஊரான் மண்ணுன்னா இப்படித்தான், உழக்கூட வலிக்குது" என்று மனைவியிடம் சொல்வார்.

1983 ஆகஸ்டில் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தது. வழக்கம்போல அவர் பட்டறையைக் கூட்டி இழைப்புச் சுருள்களைப் பின்வாசல் வழியே ஆற்றில் தள்ளினார். ஆயுசெல்லாம் செய்த வேலை. அன்றுதான் நின்று பார்த்தார். சுருள்கள் அவருடைய கரையை ஒட்டி, துரத்திவிட்டதுபோல் ஓடின. எதிர்ப்பக்கம் நுரை நகர மனமில்லாமல் மிதந்தது. கூடையில் மிச்சமிருந்ததையும் போட்டார். அவையும் அப்படியே ஓடின. வளைவின் வெளிப்புறம் தண்ணீர் விரைந்து மண்ணை அரிக்கிறது. உட்புறம் தளர்ந்து, சுமந்துவந்த மண்ணை இறக்கிவைக்கிறது. யாரும் எதையும் தள்ளவில்லை. மேட்டுக்கரை மேடாக நின்றதே ஆறு அதை வெட்டிக்கொண்டிருந்ததால்தான். கீழே அவர் வெட்டிய மரங்களின் வேர்கள் மக்கித் தொங்கின. மண்ணைப் பிடித்திருந்தவை அவைதாம்.

மன்னிப்புக் கேட்டு எழுத அவருக்கு ஒரு மாதம் பிடித்தது. தபால்காரர் விலாசத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எதிர்க்கரைக்கா, மேஸ்திரி? ஒரு சத்தம் போட்டா கேக்குமே!"

"சத்தம் போட்டுத்தான் கெட்டுச்சு. நீ கொண்டு போ."

பாலத்தைச் சுற்றிப் போன தபால்காரர் மறுநாள் கடிதம் இல்லாமல் வந்து, சொல்லத் திண்டாடினார்.

"அவங்க ஜூன்லேயே நிலத்தை வித்துட்டு மக ஊருக்குப் போயிட்டாங்களாம். அந்தத் தரிசு இருக்கே, அது அண்ணன் பங்குன்னு உழவே விடலையாம் உங்க தங்கச்சி. வாங்கினவரு முழுசாத்தான் வேணும்னு நின்னதால அதையும் சேர்த்தே கொடுத்தாங்களாம். இப்ப அங்க அவரு ஆளுங்கதான் இருக்காங்க. கடுதாசியைப் புது விலாசத்துக்குத் திருப்பிவிட்டுட்டேன்."

ஏப்ரலில், ஒன்பது அடி என்று எழுதிய கையோடு, அவர் பாலத்தைச் சுற்றி நடந்திருக்கலாம். அதைத்தான் மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அக்டோபர் கடைசியில் பட்டறை போனது. முதலில் பின்சுவர், பிறகு கூரை. தேக்குப் பெட்டியை அவரும் மனைவியும் இழுத்துத் தெருவில் போட்டார்கள். கதவைக் கழற்ற நேரம் இல்லை. எழுதிய எண்களோடு அது வளைவைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

தங்கையின் பதிலில் கோபமும் இல்லை, சமாதானமும் அதிகம் இல்லை. முட்டிவலி, பேரனின் குறும்பு, இந்த ஊரில் ஆறே கிடையாது என்ற செய்தி. கடைசி வரியில் கேட்டிருந்தாள்: "அண்ணே, பட்டறைக்குப் பின்னால இப்ப எத்தனை அடி இருக்கு?"

பதில் எழுத உட்கார்ந்தவர் வெறும் தாளை மடித்துத் தேக்குப் பெட்டியில் போட்டார்; பிறகு எழுதவே இல்லை. அதன்பின் அவளிடமிருந்தும் எதுவும் வரவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த நாள் 1983 நவம்பர் 16, புதன்கிழமை.