நான் வெட்டி எறிந்த ஆறு பேர்

நம் நாட்டின் பழைய செய்திப்படங்களை ஓர் ஆவணக் காப்பகம் இணையத்தில் ஏற்றியிருந்தது. பள்ளியில் வரலாறு நடத்துகிற நான் அவற்றில் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எங்கள் விருத்தாசலம்! கல்யாணத்துக்கு முன் அம்மா வேலை பார்த்த பீங்கான் ஆலை. ஏழு பெண்கள் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். நடுவில் இருபது வயது அம்மா! துள்ளி எழுந்துவிட்டேன்.

அம்மா முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, ஓடிப்போய்க் காட்டினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னை மட்டும் எதுக்குடா வெட்டின? பக்கத்துல இருந்தவளுவ எங்க?"

முழுப் படத்தையும் போட்டேன். திரையில் விரல் வைத்துச் சொல்ல ஆரம்பித்தார். "இது கம்மாபுரம் செல்வி. இவ மேரி, நல்லா பாடுவா..." ஏழாவது பெண்ணின் பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை.

படத்தின் கீழே 'பெண் தொழிலாளர்கள்' என்று மட்டுமே இருந்தது. நானும் இத்தனை வருடம் அப்படித்தானே வரலாறு நடத்தினேன்! அம்மாவையும் சேர்த்து, தெரிந்த ஆறு பெயர்களையும் காப்பகத்துக்கு அனுப்பினேன். சேர்த்துவிட்டார்கள்.

நேற்று வகுப்பு நடுவே அம்மாவின் போன். "டேய், அந்தப் பொண்ணு பேரு வந்துடுச்சு, தனபாக்கியம்! மறக்கறதுக்குள்ள எழுதிக்க."

கையில் சாக்பீஸ்தான் இருந்தது. கரும்பலகையில் 'ஐந்தாண்டுத் திட்டங்கள்' என்ற தலைப்புக்குக் கீழே, தனபாக்கியம் என்று எழுதினேன்.