தூக்கிய கை

என் மனைவியின் அண்ணன் புறநகர் ரயிலில் கார்டு. கடைசிப் பெட்டியில் நின்று நடைமேடையைப் பார்த்து இரண்டு மணி அடிப்பார். அதைக் கேட்டு முன்னால் டிரைவர் வண்டியை எடுப்பார். "எனக்காக ஒரு நிமிஷம் நிறுத்துவீங்களா மச்சான்?" என்று ஒருநாள் வம்புக்குக் கேட்டேன். "உங்களுக்குன்னா முன்னாடியே எடுத்துருவேன் மாப்ள" என்றார். வாய்க்கொழுப்புக்குக் குறைவில்லாத மனுஷன்.

மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். குளித்துவிட்டு வர என் மனைவி வீட்டுக்குப் போயிருந்தாள். "சொந்தக்காரங்களை வரச் சொல்லுங்க" என்றார் டாக்டர். உடனே அவளுக்குப் போன் செய்தேன். டூட்டியில் மச்சான் போனை அணைத்துவிடுவார்.

அவள் ஸ்டேஷனுக்கு ஓடினாள். நின்றிருந்தது அண்ணனுடைய வண்டியேதான். மேம்பாலப் படியில் இறங்கியபடியே, நிறுத்தச் சொல்லிக் கையை உயரத் தூக்கினாள். கூட்ட நேரத்தில் அந்தப் படியடியில் ஊழியர் ஒருவர் நிற்பார். எல்லோரும் ஏறியதும் அவர் கையைத் தூக்கினால், போகலாம் என்று அர்த்தம். எத்தனையோ வருஷப் பழக்கம். தூக்கிய கையைக் கண்டதும் மச்சான் மணியை அடித்துவிட்டார். அது தங்கச்சி என்று தெரிந்தபோது வண்டி நகர்ந்துவிட்டது. பாழாய்ப்போன பழக்கம்!

அந்த வண்டியோடு டூட்டி முடிந்து, மச்சான் ஆஸ்பத்திரிக்கு வந்து நடந்ததை என்னிடம் சொன்னார். மாமியாருக்கு நினைவு தெளிவாக இருந்தது. "சின்னவ எங்கடா?" என்றார். "அடுத்த வண்டியில வந்துட்டிருக்காம்மா." மறுபடியும் கேட்டார். மச்சான் மறுபடியும் அதையே சொன்னார். வாசலைப் பார்த்தபடியே மாமியாரின் மூச்சு அடங்கியது. எனக்கு மச்சானை நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்க வேண்டும் போலிருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

என் மனைவி அடுத்த வண்டியில் வந்தாள். அழுது ஓய்ந்தபின் அண்ணனிடம் கேட்டாள்:

"நீ என்னைப் பாக்கலதானேண்ணே?"

"கையைப் பாத்தேன்மா. போலாம்னு காட்டுறாங்கன்னு அடிச்சிட்டேன். தப்பு என்னுதுதான்."

அவள் அண்ணன் முகத்தையே பார்த்தாள். எனக்குப் பயமாக இருந்தது. பிறகு மெல்லக் கேட்டாள், "அம்மா என்னைக் கேட்டாங்களா?"

"இல்லடா. நான் வந்தப்பவே அம்மாவுக்கு நினைவு இல்ல" என்றார் மச்சான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் "ஆமாம்" என்று தலையாட்டினேன்.