எல்லாருக்கும் சேர்த்துச் சொன்ன ரகசியம்

என் பெரியப்பா எங்களை ஏமாற்றிவிட்டார் என்று சிறுமியாக இருந்தபோது வெகுநாள் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பாவும் பெரியப்பாவும் விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். தொழிலாளர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அவர்கள் சார்பில் ஓர் ஆள் வேண்டுமே என்று பெரியப்பாவைக் கம்பெனி இயக்குநர்களில் ஒருவராக்கியிருந்தார்கள். நாற்காலி கொடுத்தால் மனிதர் வாய் திறக்கமாட்டார் என்று முதலாளி நினைத்திருக்க வேண்டும்.

அந்த வருடம் முதலாளியின் மருமகன் தொழிலாளர்களின் பங்குகளைச் சல்லிசாக வாங்க ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. விற்கலாமா என்று அப்பா பெரியப்பாவிடம் கேட்டார். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அப்பா விற்றுவிட்டார்.

ஆண்டுக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மிக்சர் தருவார்கள் என்று நானும் ஒட்டிக்கொண்டேன். முதலாளி பேசி முடித்ததும் மேடையில் இருந்த பெரியப்பா எழுந்தார்.

"கம்பெனிய வெளியூர்க்காரவுகளுக்கு நல்ல வெலைக்கு விக்கப் பேசிக்கிட்டிருக்கோம். மேல இருக்க எங்களுக்குத் தெரியும், கீழ இருக்கவுகளுக்குத் தெரியாது. தெரியாமத்தான் பங்க வித்திருக்காக. எல்லாருக்கும் சொல்லிருங்கன்னு டைரக்டருக கூட்டத்துல சொல்லிப் பாத்தேன், கேக்கல. வாங்குன பங்கத் திருப்பிக் குடுங்க."

குரலை உயர்த்தவே இல்லை. ரகசியத்தை வெளியே விட்டதற்கு வழக்குப் போடுவேன் என்றார் மருமகன். போடச் சொன்னார் பெரியப்பா. மண்டபத்தில் ஒருவரும் இடத்தைவிட்டு நகரவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு முதலாளி இறங்கிவந்தார்.

வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கெல்லாம் பங்கு திரும்பியது. கம்பெனி கைமாறியபோது முதலாளிக்குக் கிடைத்த விலையே எங்களுக்கும் கிடைத்தது. பெரியப்பாவுக்குப் பதவியும் போனது, வேலையும் போனது. தாயில்பட்டியில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தார்.

அம்மாவுக்கு மட்டும் ஆறவில்லை. கூடப் பிறந்த தம்பிக்காவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்பது அவள் பேச்சு. அவர் வந்தால் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். எனக்கும் அவள் சொல்வதே சரியாகப் பட்டது.

தீபாவளி கழிந்து வந்தவரிடம் நானே கேட்டேன். "எங்கப்பாட்ட மட்டும் மொதல்லயே சொல்லிருக்கலாம்ல பெரியப்பா?"

"ஒங்கப்பன் மட்டுமா வித்தான், தாயி?"

சமாளிக்கிறார் என்றுதான் நினைத்தேன். கதவோரம் நின்றிருந்த அம்மாவும் அதைக் கேட்டாள். பிறகு அடுப்பில் தோசைக்கல்லை வைத்து, சாப்பிட்டுப் போகச் சொன்னாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு விளங்கவில்லை. முதல் தோசையை எனக்குப் போடாமல் அவருக்குப் போட்டதில் வருத்தம்கூட இருந்தது.