பால் என்றால் பல்லி

புனேயில் நான் வேலை பார்ப்பது ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில், மூன்றாம் வகுப்புக்கு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் நிக்டியில் ஒரு குடியிருப்பின் பொதுக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். தொழிற்சாலையிலும் வங்கியிலும் வேலை பார்க்கிற தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். வா, போ, சாப்பிடு, தூங்கு என்ற உத்தரவுகளைத் தாண்டி அவர்களுடைய தமிழ் அதிகம் நகர்ந்திருக்கவில்லை.

ஆரம்பத்தில் நானும் பட அட்டைகளோடுதான் போனேன். கத்தரிக்காய்ப் படத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"வாங்கி" என்று எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். மராத்தியில் கத்தரிக்காய்க்கு அதுதான் பெயர்.

"தமிழ்ல சொல்லுங்க."

"வாங்கிக்காய்" என்றான் ஒரு பையன், எனக்கு உதவுகிற மாதிரி.

சரி, பொதுவான சொல்லிலிருந்து தொடங்கலாம் என்று, "இது ஒரு காய்" என்றேன். முன்வரிசைப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நீங்கதானே டீச்சர் சொல்லணும்? எங்களயே கேட்டா எப்படி?" என்று மராத்தியிலேயே கேட்டாள். மராத்தியில் காய் என்றால் 'என்ன'. அவள் காதில் நான் அவளிடம் கேள்விதான் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகல் முழுக்க ஒரு மராத்தி வீட்டுக் குழந்தைக் காப்பகத்தில் வளர்ந்தவள். அடுத்த வாரம் நான் பலகையில் 'பால்' என்று எழுதி வாசித்துக் காட்டி, காலையில் யாரெல்லாம் குடித்தீர்கள் என்று கேட்டபோது பாதிப் பேர் கையைத் தூக்கினார்கள். அவள் மட்டும் முகத்தைச் சுளித்தாள். பிறகு டியூப்லைட்டுக்கு மேலே விரலை நீட்டி, "பால் அங்க இருக்கு டீச்சர்" என்றாள்.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். குண்டாக ஒரு பல்லி. மராத்தியில் பல்லிக்குப் பால் என்று பெயர். எனக்கும் தெரிந்த சொல்தான். ஆனால் இத்தனை வருடத்தில் இரண்டு பாலையும் நான் சேர்த்து நினைத்ததே இல்லை. வகுப்பில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. ஒருவன் பல்லியைக் குடித்துவிட்டு வாந்தியெடுப்பதுபோல் நடித்துக் காட்டினான். அந்த அமளிக்கு நடுவில் அந்தப் பெண் கேட்டாள்: "அப்ப அதுக்குத் தமிழ்ல என்ன டீச்சர்?"

அந்த வகுப்பில் ஒரு பிள்ளை தானாக என்னிடம் ஒரு சொல் கேட்டது அதுதான் முதல் தடவை. அட்டைகளை அன்றைக்கே பைக்குள் போட்டுவிட்டேன்.

அதன் பிறகு சுவர் விளையாட்டு தொடங்கியது. ஜன்னல் பக்கத்துச் சுவர் தமிழ், எதிர்ச் சுவர் மராத்தி. நான் ஒரு வாக்கியம் சொல்வேன். அது எந்த மொழி என்று கண்டுபிடித்து அந்தச் சுவருக்கு ஓட வேண்டும். 'பாய்' என்று மட்டும் சொன்னால் எவருக்கும் தெரியாது. மராத்தியில் அது கால், தமிழில் படுக்கிற பாய். 'பாயைச் சுருட்டி மூலையில வை' என்றால்தான் ஓட முடியும். அதற்குச் சுருட்டு தெரிய வேண்டும், மூலை தெரிய வேண்டும். சுவருக்கு முதலில் ஓடும் ஆசையில் பிள்ளைகள் சொற்களாக விழுங்கினார்கள். வீட்டிலிருந்தும் ஜோடி பிடித்து வரச் சொன்னேன். தமிழில் பல்லால் கடிப்பது, மராத்தியில் கதவுத் தாழ்ப்பாள் என்று 'கடி'யைக் கொண்டுவந்தவன் அந்த வாரம் முழுக்கப் பெரிய மனிதனாக நடமாடினான்.

எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்திருந்த நேரத்தில் ஓர் அம்மாவிடமிருந்து போன் வந்தது. திருநெல்வேலிக்காரர்.

"டீச்சர், என்னத்தச் சொல்லிக் குடுத்திய? இவன் பால் வேண்டாங்கான். அது பல்லியாம். அது போவட்டும், பக்கத்து வீட்டுக்காரி வந்து கேக்கா, பிள்ளைக்கு எந்த வியாதிக்கு தினமும் பல்லி குடுக்கீங்கன்னு. நான் எங்க போயி முட்டிக்கிட?"

நடந்தது இதுதான். பக்கத்து ஃப்ளாட்டில் ஒரு மராத்திக்கார அம்மா. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. பிள்ளைகளுக்கு அவர் காகூ, அதாவது சித்தி. காலை தோறும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "பால் குடி, பால் குடி" என்ற அதட்டலை அவர் வருடக்கணக்கில் கேட்டிருக்கிறார். தமிழில் என்னவோ என்று விட்டிருக்கிறார். இப்போது பையன் லிஃப்டில் அவரைப் பார்த்து, "எங்க வீட்ல தினம் என்னைப் பால் குடிக்க வைக்கிறாங்க" என்று சுத்தமான மராத்தியில் சொல்லிவிட்டான்.

அடுத்த ஞாயிறு அம்மா, பையன், காகூ மூவரும் வகுப்புக்கே வந்துவிட்டார்கள். நான் மன்னிப்புக்குத் தயாராக நின்றேன். காகூ இந்தியில், "ஆஸ்துமாவுக்கு நாட்டு மருந்து போலன்னு நினைச்சேன். கேட்டா மனசு நோகுமேன்னு தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்" என்றார். அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

பாலுக்கு வழி கண்டுபிடித்தது காகூதான். மறுநாள் காலை அவர்கள் வீட்டுக்குப் போய், பையன் எதிரில் அவனுடைய பால் டம்ளரோடு உட்கார்ந்து, "எனக்கும் தமிழ் கத்துக்கொடு. குடின்னா என்ன?" என்று கேட்டிருக்கிறார். பையன் ஒரு வாய் குடித்துக் காட்டினான். "குடிச்சிட்டேன்னா?" இன்னொரு வாய் குடித்தான். "அது குடிச்சிட்டேன் இல்லையே, இன்னும் இருக்கே." டம்ளர் காலியானது. இப்படி ஒரு மாதம் போல அவனிடம் அவர் வினைச்சொற்கள் படித்தார்.

பிறகு ஞாயிறுகளில் அவரே வகுப்புக்கு வரத் தொடங்கினார். சுவர் விளையாட்டில் பிள்ளைகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுவார். மிச்சத் தமிழை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது திருநெல்வேலி அம்மா. அதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. வரிசையில் நிற்காத பையன்களை அவர், "ஏல, இங்க வால" என்று, 'டேய், வாடா'வைத் திருநெல்வேலிப் பேச்சில் போட்டுக் கூப்பிடுவார். நான் சொல்லும் எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகாத பிள்ளைகள் அதை மட்டும் தவறாமல் கொண்டுபோனார்கள்.

சாங்வியிலிருந்து பெண்ணை அழைத்து வருகிற ஒரு கோயம்புத்தூர்க்காரர் ஒருநாள் என்னைத் தயங்கித் தயங்கிப் போனில் அழைத்தார்.

"ஏனுங்க டீச்சர், புள்ள என்னையவே 'ஏல'ங்குதுங்க. இது நம்மூருப் பேச்சில்லீங்களே. நீங்க சொல்லிக் குடுத்ததுங்களா?"

"இல்லீங்க. எங்க வகுப்புக்கு ஒரு மராத்திக்கார அம்மா வராங்க. அவங்க சொல்லிக் குடுத்தது."

"மராத்திக்கார அம்மாவுங்களா?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார். "சரிங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.