பிரித்துப் பார்க்காத மூன்று மூட்டைகள்

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருட வேலை, அதில் பதினொரு வருடம் தலைமை. மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எந்த வார்டுத் துணி என்று சொல்லிவிடுவாள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு குண்டூசிகூட மெஷினுக்குள் போகாது என்று பெயர். அந்தப் பெயரை அவளும் கஞ்சி போட்ட துணி மாதிரி விறைப்பாகவே உடுத்திக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையிலும் அவளுக்கென்று ஓர் இடம் உண்டு. ஜெபிக்க எழுந்தால் லேசில் உட்கார மாட்டாள். குரல் தழுதழுக்கும், கேட்பவர்கள் கண்ணும் கலங்கும். பின்வரிசைப் பிள்ளைகள் மட்டும் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டம். நடத்த வேண்டியவள் அவள். கிளம்பும் நேரம் பார்த்து ஆபரேஷன் தியேட்டரிலிருந்து மூன்று மூட்டைகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றையும் பிரித்து, உதறி, கத்தி ஊசி ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மெஷினில் போடலாம். பார்க்க வேண்டியது தலைமையின் பொறுப்பு. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எல்லாம் பார்த்தாச்சு, போட்டுடு" என்று சுருட்டையிடம் சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள். சுருட்டை வேலைக்கு வந்து ஆறே மாதம் ஆன பெண். தலைமுடியை வைத்து வந்த பெயர்.

மூன்றாவது மூட்டைக்குள் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. பெரிய மெஷினின் வயிற்றைக் கிழித்துவிட்டது. ஒன்பது நாள் மெஷின் ஓடவில்லை. விரிப்பு இல்லாமல் வார்டுகள் தவித்தன. சனிக்கிழமை காலையே மேலாளர் எல்லோரையும் நிற்கவைத்து, "மூட்டையை யார் பார்த்தது?" என்று கேட்டார்.

"சுருட்டைதான்" என்று பெரியக்காவின் வாய் முந்திக்கொண்டது.

"அக்காதானே பார்த்தாச்சுன்னு சொன்னீங்க?" என்றாள் சுருட்டை. யாரும் நம்பவில்லை. பதினொரு வருடப் பெயருக்கு முன்னால் ஆறு மாதப் பேச்சு எடுபடுமா? அவளைக் கீழ்த்தளத்தில் தரை துடைக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

எட்டு மாதம் போயிற்று. பெரியக்கா கீழ்த்தளம் வழியாகப் போவதை நிறுத்தினாள். சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வருவாள். "முழங்காலுக்கு நடை நல்லதுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டாள். சபையில் ஜெபம் இன்னும் நீண்டது.

வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பேச்சு குறைவு, குறும்பு அதிகம். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது சொன்னார்: "வாராவாரம் 'நான் பாவி, நான் பாவி'ங்கிற. என்ன பாவம்னு ஒரு தடவையாவது சொல்லேம்மா. வண்டி ரிப்பேர்னு மட்டும் சொன்னா நான் எந்த நட்டைக் கழட்டறது?"

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அன்றைக்குத்தான், இத்தனை வருடத்தில் முதல் முறையாக, அழகாக ஒரு வார்த்தையும் கூட்டாமல் ஜெபித்தாள். "ஆண்டவரே, அந்த மூட்டையை நான் பார்க்கல. பொய் சொல்லிட்டேன்." அவ்வளவுதான் வந்தது. சொன்ன பிறகு பாரம் இறங்கும் என்று காத்திருந்தாள். இறங்கவில்லை. யாரிடம் போக வேண்டும் என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் கீழ்த்தளத்தில் சுருட்டை துடைப்பானைப் பிழிந்துகொண்டிருந்தாள். பெரியக்கா ஈரத் தரையிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அழுகை வந்தது.

சுருட்டை அசையவில்லை. "அழாதீங்கக்கா. ஆண்டவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேம்மா."

"என்கிட்டயும் சொல்லிட்டீங்க. எங்க ரெண்டு பேருக்கும் இது முன்னாடியே தெரியும். தெரியாதவங்ககிட்ட எப்ப சொல்லப் போறீங்க?"

இந்தக் கேள்வியைப் பெரியக்கா எதிர்பார்க்கவில்லை. தனியாக மன்னிப்புக் கேட்டு, கையைப் பிடித்து, இருவரும் அழுது முடித்துவிடலாம் என்றுதான் வந்திருந்தாள். அதிலும் தன் பெயருக்கு ஒரு மூலையில் பத்திரமாக இடம் ஒதுக்கியிருந்தது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

அன்றே மேலாளர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்? மெஷினையே மாத்தியாச்சு. விட்டுடுங்க."

"மெஷினைத்தான் சார் மாத்தியிருக்கு. அந்தப் பொண்ணு இன்னும் கீழேதான் இருக்கா. அவளைத் திட்டினப்போ எல்லாரும் நின்னாங்க. இப்பவும் எல்லாரும் நிக்கணும்."

அடுத்த நாள் காலை பன்னிரண்டு பேரும் கூடினார்கள். சுருட்டையையும் கூப்பிட்டிருந்தார்கள். பெரியக்கா பேச நிறைய யோசித்து வைத்திருந்தாள். வாயில் வந்தது நாலே வரி: "அந்த மூட்டைங்களை நான் பிரிச்சே பார்க்கல. பார்த்தேன்னு சொல்லி இவகிட்ட கொடுத்தேன். பழியை இவ மேல போட்டேன். என்னை மன்னிச்சிடும்மா." இஸ்திரி போடுகிறவர் கையிலிருந்த தலையணை உறையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

தலைமைப் பொறுப்பு இஸ்திரிக்காரருக்குப் போயிற்று. சுருட்டை திரும்பி வந்தாள். பெரியக்காவை விரிப்பு மடிக்கிற மேசைக்குப் போட்டார்கள். அது இருவர் சேர்ந்து செய்கிற வேலை. எதிர்முனையைப் பிடிக்க வந்து நின்றவள் சுருட்டை.

முதல் மூன்று வாரம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியக்காவும் வற்புறுத்தவில்லை. மன்னிப்பைக் கேட்கத்தான் தனக்கு உரிமை, வாங்கிக்கொண்டு போக இல்லை என்று பொறுத்திருந்தாள். நாலாவது வாரம் ஒரு நாள், "அக்கா, உங்க பக்கம் தொங்குது, இழுத்துப் பிடிங்க" என்றாள் சுருட்டை. பெரியக்கா அன்று வீட்டுக்காரரிடம் அதை மூன்று தடவை சொன்னாள். "தொங்குதுன்னு சொன்னதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்று அவர் கேட்டார்.

சபையிலும் போதகரிடம் நடந்ததைச் சொல்லி, கொஞ்ச காலம் பின்வரிசையில் உட்கார்ந்து பிறர் ஜெபத்துக்கு ஆமென் சொன்னாள். அது அவளுக்குப் பிடித்தே போயிற்று. சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது. கீழ்த்தளம் வழியாகவே நேராக வேலைக்கு வந்தாள்.

போன மாதம் புதிதாக ஓர் அம்மா வேலைக்குச் சேர்ந்தாள். வேறொரு ஆஸ்பத்திரியில் பழக்கப்பட்டவள். பழைய கதை ஒன்றும் தெரியாது. நாலு மூலையிலும் ரப்பர் வைத்துத் தைத்த விரிப்பைப் பெரியக்கா மடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏங்க்கா, நீங்க இங்கே புதுசா? இப்படி மடிச்சா மூலை பொதபொதன்னு நிக்கும். கையை உள்ளே விட்டு, ஒரு மூலைக்குள்ள இன்னொரு மூலையைச் செருகுங்க" என்றாள்.

மேசையைச் சுற்றி எல்லோரும் மடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் மடிக்கக் கற்றுக்கொடுத்ததே பெரியக்காதான்.

"எப்படிங்க? இன்னொரு தடவை காட்டுங்களேன்" என்றாள் பெரியக்கா.

புது அம்மா காட்டினாள். பெரியக்கா செய்து பார்த்தாள். விரிப்பு பலகை மாதிரி படிந்தது. பத்தொன்பது வருடமாகத் தான் மடித்ததைவிட நன்றாகத்தான் இருந்தது.

"அட, ஆமாம்ல!" என்றாள்.

எதிர்ப்பக்கம் நின்ற சுருட்டை அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். பெரியக்காவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே அடுத்த விரிப்பை உதறி, ஒரு முனையை அவள் பக்கம் வீசினாள்.