ஜெனரேட்டரை நான் நிறுத்திய பகல்

அன்றைக்கு வந்திருந்தவர்கள்: மேடையில் நான்கு பேர். தலைமை தாங்க வந்த அதிகாரி, அவர் சொல்வதை எழுதிக்கொள்ள ஓர் எழுத்தர், சிமெண்ட் கம்பெனியின் மேனேஜர், அவரோடு வந்த இன்ஜினியர். கீழே முன்வரிசைகளில் கம்பெனி ஆட்கள் பதினொரு பேர், லாரி முதலாளிகள் ஆறு பேர். அவர்களுக்குப் பின்னால் எங்கள் ஊர்க்காரர்கள் ஐம்பத்திரண்டு பேர். அதில் பெண்கள் பத்தொன்பது. ஓரமாக நின்ற போலீஸ்காரர்கள் இரண்டு பேர். பந்தல் காலில் சாய்ந்தபடி என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். அந்தக் கம்பெனியில் சூப்பர்வைசர். பந்தலுக்குப் பின்னால் ஆம்ப்ளிபயரும் ஜெனரேட்டரும். அவற்றுக்கு நடுவில் நான்.

இவ்வளவு சரியாக எப்படித் தெரியும் என்றால், நாற்காலிகள் என்னுடையவை. மேடைக்குப் பள்ளிக்கூடத்து நாற்காலி போட்டிருந்தார்கள்; கீழே போட எண்பது கொண்டுபோயிருந்தேன். கூட்டம் தொடங்கியதும் காலியாகக் கிடந்தவற்றை எண்ணினேன், பதினொன்று. நாற்காலி தொலைந்துவிடுமோ என்று ஒரு பயம், ஒயரில் யாராவது கால் வைத்துவிடுவார்களோ என்று ஒரு பயம், மழை வருமோ என்று ஒரு பயம். அது கோடைக்காலம், வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. இருந்தாலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பயம் சுலபமாக வரும். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதே பரீட்சைக்குப் பயந்துதான்.

2007. அரியலூர் ஒருமுறை தனி மாவட்டமாகி, பிறகு பெரம்பலூரோடு திரும்பச் சேர்ந்திருந்த காலம். கீழப்பழுவூர்ப் பக்கம் இருந்த அந்த சிமெண்ட் கம்பெனி இன்னொரு சூளை கட்டுவதற்கு அனுமதி கேட்டிருந்தது. கட்டும் முன்பு சுற்றுவட்டாரத்து ஜனங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்துக்குப் பந்தல், நாற்காலி, மைக் செட் எல்லாம் என் பொறுப்பு. ஆர்டரை வாங்கிக்கொடுத்தது மச்சான். இது மட்டும் இல்லை, கம்பெனியின் ஆயுதபூஜை, பாதுகாப்பு வாரம், குவார்ட்டர்ஸில் நடக்கும் விழா என்று வருஷம் முழுவதும் அவர் தயவில்தான் எனக்கு வேலை வந்தது. புது ஆம்ப்ளிபயரின் தவணையும் மகளின் பள்ளிக் கட்டணமும் அந்த வருமானத்தில்தான் ஓடின. அது போனால் எனக்குக் கல்யாணமும் காதுகுத்தும்தான் மிச்சம்.

மைக் செட் தொழிலுக்கு வந்தது தொண்ணூற்றைந்தில். செட்டிகுளத்தில் மலைக்கோயில் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டப் போனவர்களோடு ஒயர் சுமக்கப் போய், அப்படியே ஒட்டிக்கொண்டேன். இந்தத் தொழிலில் இரண்டே கட்டுப்பாடு. நிகழ்ச்சி முடிகிறவரை சத்தம் போகக் கூடாது. மைக்செட்காரன் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பன்னிரண்டு வருஷம் இரண்டையும் காப்பாற்றி வந்தேன்.

பேசக் கூடாதே தவிர, எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும். கூட்டத்தில் பாதிப் பேர் தூங்கினாலும் எழுந்து போனாலும் ஆம்ப்ளிபயர் முன்னால் இருப்பவன் கேட்டுத்தான் தீர வேண்டும். எங்கே குரல் உடையும், எங்கே குழாய் கீச்சிடும் என்று பார்க்க வேண்டாமா? நான் படித்ததெல்லாம் அப்படிக் கேட்டதுதான். அந்தக் கூட்டத்துக்கு ஒரு வருஷம் முன்னால் பெரம்பலூரில் ஒரு காலேஜ் விழா. வெளியூரிலிருந்து வந்த ஒருவர், கரியும் டீசலும் எரிந்து வரும் புகை வானத்தில் தங்கி பூமியைச் சூடாக்குகிறது, மழை தப்பும், கடல் ஏறும் என்று ஒரு மணி நேரம் பேசினார். பிள்ளைகள் பின்னால் காகித ராக்கெட் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பேசிய அந்த ஒரு மணி நேரமும் மேடைக்குப் பின்னால் என் ஜெனரேட்டர் புகைந்துகொண்டிருந்தது. அந்தப் புகைக்கு நேர் எதிரில் உட்கார்ந்து அந்தப் பேச்சைக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எத்தனை லிட்டர் டீசல் என்று எழுதினேன். கரண்ட் இருக்கிற இடத்தில் ஜெனரேட்டர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் அது எடுபடாது. கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாசலில் ஜெனரேட்டர் படபடவென்று ஓடினால்தான் விசேஷ வீடு. "ஏன் தம்பி, ஒன் மிசினுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு இரண்டு கல்யாண வீட்டுக்காரர்கள் வேறு செட்டுக்காரரிடம் போனார்கள். மனைவிக்குக் கோபம். "ஒலகத்தக் குளிர வைக்கிறேன்னு வூட்டு அடுப்ப அணைச்சிட்டு வந்து நிக்கிறீங்க" என்றாள்.

இந்தக் கூட்டத்துக்கும் மச்சானிடம் சொன்னேன். "பள்ளிக்கூடத்துலேருந்து ஒயர் இழுத்துடலாம் மச்சான். இருநூறு அடிதான்."

"மாப்ள, ஆபீசருங்க வர்றாங்க. ஜெனரேட்டர் சத்தம் கேட்டாத்தான் பங்ஷன்னு ஒரு இது இருக்கும். உங்க நோட்டு வேலையெல்லாம் இங்க வேணாம்."

சரி என்று கொண்டுபோய் இறக்கினேன்.

கூட்டத்தில் முதலில் மேனேஜர் பேசினார். நல்ல குரல், மைக்குக்கு ஏற்ற குரல். புது சூளையால் எத்தனை பேருக்கு வேலை, எவ்வளவு வரி என்றெல்லாம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பூமி சூடாயிட்டு வருதுங்க. இதுக்குக் கம்பெனிங்க மட்டும் காரணம் இல்ல. நாம எல்லாருந்தான். நீங்க வெறகு எரிக்கிறீங்க, வண்டி ஓட்டுறீங்க, குண்டு பல்பு போடுறீங்க. மாத்தம் உங்க வீட்டுலேருந்து ஆரம்பிக்கணும். அதனால வீட்டுக்கு ஒரு சிக்கன பல்பு எங்க அன்பளிப்பு."

மூன்று பெட்டி பல்புகள் மேசைக்கு வந்தன. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "பல்பு குடுக்குறீங்க, சரி. கரண்ட யாரு சார் குடுப்பா?" என்றது. போலீஸ்காரரே சிரித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது பொய் இல்லை. பெரம்பலூரில் அந்த மனிதர் சொன்னதும் அதுதான், நான் ஒரு வருஷமாக நோட்டுப் போட்டு எழுதுவதும் அதுதான். ஆனால் அங்கே கேட்டபோது எனக்குப் பயம் வந்தது. இங்கே கேட்கும்போது, சந்தையில் தராசைக் கையால் அழுத்துகிறவனைப் பார்ப்பது போல இருந்தது.

பிறகு ஜனங்களைப் பேசச் சொன்னார்கள். எங்கள் தெருவில் எனக்கு நாலு வீடு தள்ளியிருக்கும் ஓர் அக்கா எழுந்து வந்தார். சுண்ணாம்புக்கல் குழிக்கு அடுத்தாற்போல அவருக்கு ஒன்றரை ஏக்கர் பருத்தி. வெடித்த பஞ்சில் சிமெண்ட் தூசு படிந்து, வியாபாரி விலையைக் குறைக்கிறான் என்று சொல்லத்தான் வந்தார். எனக்குத் தெரியும்; காலையில் நாற்காலி இறக்கும்போது என்னிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மைக் முன்னால் நின்று "ஐயா" என்றார். அந்த 'ஐயா' குழாயில் ஏறி எதிரில் இருந்த பனைமரங்கள் வரை போய்த் திரும்பி வந்தது. தன் குரலைத் தானே கேட்டு மிரண்டு போனார். வாய் அசைந்தது, சொல் வரவில்லை. "சொல்லும்மா, சீக்கிரம்" என்றார் மேனேஜர். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தன் இடத்துக்கே போய்விட்டார்.

அடுத்து யாரும் வரவில்லை. எழுத்தர் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

ஆம்ப்ளிபயர் பக்கத்தில் சரிபார்ப்பதற்காக ஒரு மைக் எப்போதும் வைத்திருப்பேன். அதைக் கையில் எடுத்தேன்.

"மைக்செட்காரன் பேசுறேங்க" என்றேன்.

பந்தல் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மச்சான் என்னை நோக்கி இரண்டு கைகளையும் ஆட்டினார்.

"சார் சொன்னது சரிங்க. நானும் பொகை விடுறேன். என் ஜெனரேட்டர் காலையிலேருந்து ரெண்டு லிட்டர் டீசல் குடிச்சிருக்கு. நோட்டுல எழுதி வச்சிருக்கேன், பாக்கலாம். அது மாதிரி உங்க புது சூளைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நெலக்கரின்னு சொல்லுங்க. நாங்களும் எழுதிக்கிறோம். யாரு எவ்வளவு கொறைக்கணும்னு அப்பதான தெரியும்?"

மேனேஜர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் தடித்த ஒரு புத்தகத்தைப் புரட்டினார். "எல்லாம் ரிப்போர்ட்ல இருக்குப்பா. இங்கிலீஷ்ல இருக்கு" என்றார் மேனேஜர்.

"நம்பருக்கு ஏதுங்க இங்கிலீஷ்?" என்றேன்.

பின்னால் விசில் பறந்தது. மேனேஜரின் முகம் மாறியது. "இங்க பாருப்பா. பொகையப் பத்திப் பேசுற ஆளு முதல்ல உன் ஜெனரேட்டர நிறுத்து. அப்புறம் எங்களக் கேளு."

லாரி முதலாளிகள் கைதட்டினார்கள்.

எனக்கு அந்தச் சொல் தைத்தது. ஏனென்றால் அது நியாயமான சொல். ஒரு வருஷமாக நானே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த சொல். நிகழ்ச்சி நடுவில் சத்தம் போகக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது. ஆம்ப்ளிபயர் தவணை நினைவுக்கு வந்தது. குனிந்து, "சரிங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டு ஜெனரேட்டரை நிறுத்தினேன்.

படபடப்பு இரண்டு முறை இருமி அடங்கியது. மேடையில் ஓடிய மின்விசிறிகள் மெல்ல மெல்ல நின்றன. மேனேஜர் ஏதோ சொன்னார். வாய் திறந்து மூடியது, மூன்றாவது வரிசைக்கு மேல் போய்ச் சேரவில்லை. தூரத்தில் லாரிகள் போகிற சத்தம் அப்போதுதான் கேட்டது.

"என்னாச்சு?" என்று அதிகாரி கேட்டார்.

"சார் நிறுத்தச் சொன்னாருங்க, நிறுத்திட்டேன்" என்று கத்தினேன்.

அப்போது அந்த அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே பேச ஆரம்பித்தார். தெருவில் சண்டை போடுகிற அதே குரல், ஒரு நடுக்கமும் இல்லை. "ஐயா, எம் பஞ்சக் கொஞ்சம் பாருங்க" என்று மடியிலிருந்து ஒரு பிடி எடுத்து நீட்டினார். அது சாம்பல் நிறத்தில் இருந்தது. அதிகாரிக்கு மேடையிலிருந்து சரியாகக் கேட்கவில்லை. எழுத்தரைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்து, காலியாகக் கிடந்த என் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒருவர் மாற்றி ஒருவராகப் பத்துப் பதினைந்து பேர் பேசினார்கள். வியர்வையைத் துடைத்துக்கொண்டே எழுத்தர் எழுதினார். கடைசியில் அதிகாரி, "மைக்செட்காரர் கேட்டதையும் எழுதிக்கங்க. எவ்வளவு நிலக்கரின்னு தமிழ்ல பதில் தரணும்" என்றார்.

பந்தல் பிரிக்கும்போது மச்சான் வந்தார். கோபத்தில் அவருக்கு 'ங்க' போய்விட்டது. "தங்கச்சி புருசனாச்சேன்னு வேல வாங்கிக் குடுத்தேன் பாரு. எம் பொழப்புலயும் மண்ண அள்ளிப் போட்டுட்டியே."

நான் நாற்காலியை எண்ணினேன். எண்பதும் இருந்தது.

கம்பெனி வேலை அத்தோடு நின்றது. பில்லுக்காக நான்கு முறை போனேன். நிகழ்ச்சி பாதியில் நின்றதால் பணம் தர முடியாது என்றார்கள். ஐந்தாவது தடவை போகும் முன் மச்சானே வீட்டுக்கு வந்தார். கோபம் ஆறியிருந்தது. மேனேஜரிடம் பேசி வைத்திருப்பதாகச் சொன்னார்.

"ஒண்ணும் இல்ல மாப்ள. ஜெனரேட்டர் ரிப்பேராயி நின்னு போச்சு, மத்தபடி எனக்கு எந்த நோக்கமும் இல்லன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. காசும் வந்துடும், ஆயுதபூச ஆர்டரும் வந்துடும். எனக்கும் மானம் மிஞ்சும்."

காகிதமும் பேனாவும் அவரே கொண்டுவந்திருந்தார். மகளின் கட்டணத்துக்குக் கடைசி நாள் அந்த வாரம்தான். பேனாவை வாங்கினேன். எழுதினால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் அந்த அக்கா பேசியதும் அதிகாரி கீழே இறங்கி வந்ததும் ஒரு மெஷின் கெட்டுப்போனதால் நடந்தது என்றாகிவிடும். நிலக்கரிக் கணக்குக்கு அதுவரை பதிலும் வரவில்லை.

"ரிப்பேர் ஆவலயே மச்சான். நாந்தான் நிறுத்துனேன்."

அவர் தங்கையைப் பார்த்தார். நீயாவது சொல்லேன் என்கிற பார்வை. அவள் டீயை அவர் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எழுதிக் கிழுதிக் குடுத்துராதீங்க. மிசினு பாதியில நின்னுடும்னு நம்ம கையாலயே எழுதிக் குடுத்தா, அப்புறம் எவன் வாடகைக்குக் கூப்புடுவான்?"

என் காரணம் வேறு, அவள் காரணம் வேறு. ஆனாலும் எனக்குத் தெம்பு வந்தது. அவள் தன் தோட்டை அடகு வைத்துப் பள்ளிக்கூடத்துப் பணத்தைக் கட்டினாள். நான் இருநூறு அடி ஒயர் கூடுதலாக வாங்கினேன். கரண்ட் இல்லாத இடத்தில் ஆம்ப்ளிபயர் ஓட்டுவதற்குப் பாடாலூரில் ஒரு பழைய லாரி பேட்டரியும் கிடைத்தது. கரண்ட் இருக்கிற வீட்டில் ஜெனரேட்டர் கேட்டால் வர மாட்டேன் என்று நேராகவே சொல்ல ஆரம்பித்தேன். சிலர் போனார்கள், சிலர் வந்தார்கள். ஜெனரேட்டரை விற்கலாம் என்றால், வாங்குகிறவன் ஓட்டுவானே என்று அதற்கும் பயம். சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

சூளை கட்ட அஸ்திவாரம் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். நிலக்கரிக் கணக்கைக் கேட்டுக் கம்பெனிக்கு மூன்று தபால் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தபாலோடும் என் பில்லையும் வைக்கிறேன், அதுவும் திருத்திய பில். மொத்தம் இரண்டாயிரத்து நானூறு ரூபாய். பாதி நேரம்தான் ஓடியது என்பதால் ஜெனரேட்டர் வாடகையில் பாதி, இருநூற்றைம்பது, நானே கழித்துவிட்டேன். முன்பணமாக வாங்கியது ஐந்நூறு. பாக்கி வர வேண்டியது ஆயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய்.